கைப்பிரேக்: செவ்விளக்கு சொல்வதும் சொல்லாததும்

முன்னுரை

ஓடுவதைக் கண்டு வியப்பது மனித இயல்பு. ஒரு கார் எத்துணை விரைவாகச் செல்லும், எத்தனை பேரைச் சுமக்கும், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே அதனை வாங்குகின்றோம். நிறுத்திய இடத்தில் அது நிற்குமா என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால், நம் வீட்டுக் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகுதி. வீட்டு வாயில், கல்லூரி வளாகம், கடைத்தெரு, திருமண மண்டபத்தின் முன்புறம் என அது நிற்கும் இடங்கள் பலவும் மக்கள் நடமாடும் இடங்கள். சிறுவர் விளையாடும் இடங்கள். அத்தகைய இடத்தில் ஆளில்லாத கார் ஒன்று தானே உருளத் தொடங்குமாயின் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாறு உருளாமல் காப்பதே கைப்பிரேக்கின் பணி. அதனை இட்டிருக்கின்றோமா, எடுத்துவிட்டோமா என்பதை உணர்த்த டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. நாள்தோறும் எரிந்து அணையும் அவ்விளக்கை ஓட்டுநர் அனைவரும் காண்கின்றனர். அதன் பொருளை முழுமையாக அறிந்துவிட்டதாகவும் எண்ணுகின்றனர். அது சொல்லும் செய்தி ஒன்று மட்டுமன்று என்பதையும், அது சொல்லாமல் விடுவதும் ஒன்று உண்டு என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் காரின் பிரேக்கைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டா என மாணவர் சிலர் வினவக்கூடும். அன்றாட வாழ்வில் கையாளும் கருவிகளைப் பற்றிய அறிவைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்வதும் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்று என்பது நம் எண்ணம். மேலும், ஒரு சொல் பல பொருள் தருமிடத்து, இடமும் சூழலும் நோக்கிப் பொருள் கொள்ளுமாறு வகுப்பில் கற்பிக்கின்றோம். டாஷ்போர்டிலுள்ள செவ்விளக்கும் பலபொருள் ஒருமொழி போன்றதே. அதற்குத் தவறான பொருள் கொண்டால் போவது மதிப்பெண் அன்று, உயிர்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பிரேக் என்பதற்குத் தடை, தடுப்பான் எனக் கலைச்சொற்கள் வழங்கினும், பட்டறையிலும் சாலையிலும் வழங்குவது பிரேக் என்னும் சொல்லே. ஆதலின் கையால் இழுப்பதைக் கைப்பிரேக் என்றும், காலால் மிதிப்பதைக் கால்பிரேக் என்றும் இங்கே குறிக்கின்றோம்.

நிற்பதற்கும் வலிமை வேண்டும்

நின்ற பொருள் நின்றபடியே இருக்கும் என்று நாம் நம்பிவிடுகின்றோம். சமதளத்தில் அது உண்மை. ஆனால், நாம் சமதளம் என்று கருதும் இடங்கள் பலவும் சமதளங்கள் அல்ல.

100 அடி தொலைவுக்கு 1 அடி இறங்கும் சாய்வை 1 விழுக்காட்டுச் சரிவு என்பர். 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று 2 விழுக்காட்டுச் சரிவில் நின்றால், ஏறத்தாழ 20 கிலோ எடைக்கு ஈடான விசை அதனைக் கீழ்நோக்கி இழுக்கும். நல்ல தார்ச்சாலையில் டயர்கள் உருள்வதை எதிர்க்கும் இயல்பான தடை அத்தகைய காருக்கு 10 முதல் 15 கிலோ அளவே. எனவே, கண்ணுக்குப் புலப்படாத 2 விழுக்காட்டுச் சரிவே காரை உருட்டப் போதுமானது. மழைநீர் தேங்காமல் வடிவதற்காகச் சாலைகளின் ஓரங்களும் வீட்டு முற்றங்களும் ஏறத்தாழ இந்த அளவுச் சாய்வுடன்தான் அமைக்கப்படுகின்றன.

சரிவு மிகுந்தால் விசையும் மிகும். 5 விழுக்காட்டுச் சரிவில் தானே உருளத் தொடங்கிய கார், 50 மீட்டர் கடப்பதற்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அப்போது அதற்கு எஞ்சின் ஒலியும் இல்லை. ஒலிப்பானை அழுத்த ஓட்டுநரும் இல்லை. முதுகு காட்டி நிற்பவர் அது வருவதை அறியவும் மாட்டார்.

இதனால்தான் கைப்பிரேக்கிற்கெனத் தனி அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் அவையின் வாகன ஒழுங்குமுறைகளுள் 13-எச் என்பது, முழுச் சுமையேற்றிய கார் 20 விழுக்காட்டுச் சரிவில், மேல்நோக்கி நின்றாலும் கீழ்நோக்கி நின்றாலும், கைப்பிரேக் ஒன்றினாலேயே அசையாது நிற்க வேண்டும் என வரையறுக்கின்றது. அதற்குக் கை செலுத்த வேண்டிய விசை 400 நியூட்டனை, அஃதாவது ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தூக்கும் விசையை, மிஞ்சக்கூடாது என்பதும் அவ்விதி.

இருவகைப் பிரேக்குகள்

கால்பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் இயங்குவது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் குறைவின்றிப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் உணர்த்திய உண்மை. நாம் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அழுத்தப்பெற்று, மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று பிரேக்கை இயக்குகின்றது. நான்கு சக்கரங்களுக்கும் இம்முறையை அமைத்து 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூசன்பர்க் என்னும் கார் விற்பனைக்கு வந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவிற்று.

கைப்பிரேக்கின் அமைப்பு வேறு. அதில் திரவம் இல்லை. கைப்பிடியை மேலே இழுத்தால் அதனோடு பிணைந்த எஃகுக் கேபிள் இழுக்கப்படும். அக்கேபிள் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களுக்குச் சென்று, டிரம்மினுள் இருக்கும் ஷூக்களை விரியச் செய்யும். விரிந்த ஷூக்கள் டிரம்மின் உட்சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியின் அடியில் பற்கள் வெட்டிய இரும்புத் தகடும் அதில் சிக்கும் சிறு கொண்டியும் உள்ளன. நாம் இழுக்கும்போது கேட்கும் ‘கட கட’ என்னும் ஒலி, கொண்டி ஒவ்வொரு பல்லாக ஏறும் ஒலியே. கையை எடுத்த பின்னரும் கைப்பிடி இறங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். நுனியிலுள்ள பொத்தானை அழுத்தினால் கொண்டி விலகும், பிரேக் விடுபடும்.

இரண்டையும் தனித்தனியே அமைத்ததில் பெரும் பயன் உண்டு. கால்பிரேக் நம் கால் அதன்மீது உள்ளவரைதான் பிடிக்கும். கைப்பிரேக் நாம் இறங்கிச் சென்ற பின்னரும் பிடித்துக்கொண்டிருக்கும். திரவக் குழாயில் கசிவு ஏற்பட்டுக் கால்பிரேக் செயலிழந்தாலும், கேபிளால் இயங்கும் கைப்பிரேக் அதனால் பாதிக்கப்படுவதில்லை.

ஒரு விளக்கு, பல செய்திகள்

இனி விளக்கிற்கு வருவோம். ஒரு வட்டத்தினுள் வியப்புக்குறி, அவ்வட்டத்தின் இருபுறமும் அடைப்புக்குறி போன்ற வளைகோடுகள். இதுவே பிரேக் எச்சரிக்கைக்கான உலகப் பொதுக்குறி. சில கார்களில் கைப்பிரேக்கிற்கெனத் தனியே, வட்டத்தினுள் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்துக் கொண்ட குறியும் இருக்கும். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குத்தான்.

அவ்விளக்கிற்குப் பல இடங்களிலிருந்து செய்தி வருகின்றது. கைப்பிடியின் அடியில் ஒரு சிறு சுவிட்ச் உள்ளது. கைப்பிடி ஒரு பல் உயர்ந்தாலும் அது மின்சுற்றை இணைத்து விளக்கை எரியச் செய்யும். இது முதற்செய்தி. எஞ்சின் அறையிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவினுள் ஒரு மிதவை உள்ளது. ஆயில் குறைந்து மிதவை தாழ்ந்தால் அங்குள்ள சுவிட்சும் அதே விளக்கை எரிக்கும். இது இரண்டாம் செய்தி. ஏ.பி.எஸ். பொருத்திய கார்கள் பலவற்றில், முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பில் பழுது நேர்ந்தால், மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்குடன் இச்செவ்விளக்கும் சேர்ந்து எரியும். இது மூன்றாம் செய்தி.

முதற்செய்தி எளியது, கைப்பிடியை இறக்கினால் தீர்ந்தது. ஏனைய இரண்டும் கால்பிரேக்கைப் பற்றியவை, உயிர்நிலையைத் தொடுபவை. நாள்தோறும் முதற்செய்தியையே கேட்டுப் பழகிய நாம், விளக்கு எரிந்தால் அது கைப்பிரேக்கைத்தான் சொல்கின்றது என்று எண்ணி மற்றவற்றைக் கேளாமல் விட்டுவிடுகின்றோம். சுவிட்சில்தான் கோளாறு இருக்கும் என்று பலநாள் அப்படியே ஓட்டுவோரும் உளர். விளக்கு தொல்லை தருகின்றது எனக் கம்பியையே துண்டித்துவிடுவோரும் உளர். இது அழைக்க வந்தவன் வாயைக் கட்டுவதை ஒக்கும்.

விளக்கை முறையாகப் படிக்கும் வழி இது. சாவியைத் திருப்பியவுடன் பெரும்பாலான கார்களில் அது ஒருமுறை எரிய வேண்டும். எஞ்சின் இயங்கிக் கைப்பிரேக்கையும் எடுத்த பின்னர் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் கைப்பிடியை உயர்த்தியும் எரியவே இல்லையென்றால் பல்போ இணைப்போ பழுதுற்றிருக்கும். ஆபத்து வரும்போதும் அது வாய் திறவாது. கைப்பிடியை முற்றிலும் இறக்கிய பின்னரும் எரிந்தால், உடனே பிரேக் ஆயிலின் அளவைப் பார்க்க வேண்டும். டப்பாவின் மேற்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் இடையே ஆயில் நிற்க வேண்டும். வளைவில் திரும்பும்போதோ பிரேக்கை அழுத்தும்போதோ மட்டும் விளக்கு மின்னி மறைந்தால், ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். திரவம் ஒருபுறம் சாயும்போது மிதவை தாழ்வதால் அவ்வாறு நேர்கின்றது.

ஆயில் குறைவதற்குக் காரணம் இரண்டு. பிரேக் பேடுகள் தேயத் தேய, அவற்றைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து நிற்கும். அவ்விடத்தை நிரப்ப ஆயில் கீழிறங்கும். இது மெல்ல மெல்ல நிகழ்வது. பேடுகளைச் சோதிக்கும் காலம் வந்தது என்பதற்கு அடையாளம். மற்றொன்று கசிவு. இது விரைவில் நிகழ்வது, கொடியது. காரணம் அறியாமல் ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துவிடுவது நோய் இருக்க வலியை மட்டும் மறைப்பதாகும்.

பிரேக் ஆயில் என்று பெயர் வழங்கினும் அது எண்ணெய் அன்று. எஞ்சின் ஆயிலை அவ்விடத்தில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டு, பிரேக் முழுவதும் பழுதாகும். டாட் 3, டாட் 4 எனக் கையேடு குறிப்பிடும் வகையையே ஊற்ற வேண்டும். இவ்வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய நிலைக்கு அவ்விதி வகுக்கும் கீழெல்லை 140 பாகையே. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். பெடல் வெறுமையாக அமிழும். கையேடு கூறும் கால அளவில் ஆயிலை மாற்றுவதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால் பதற வேண்டுவதில்லை. கைப்பிடி இறங்கியுள்ளதா என்று நோக்கி, வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்த வேண்டும். பெடல் வழக்கத்தினும் ஆழமாக அமிழ்ந்தாலோ, பஞ்சுபோல் மென்மையாக இருந்தாலோ, ஏ.பி.எஸ். விளக்கும் உடன் எரிந்தாலோ அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கை அங்கேயே அழைப்பது அறிவுடைமை.

விளக்கு சொல்லாதது

விளக்கு சொல்வதைக் கண்டோம். அது சொல்லாதது யாது? கைப்பிடியின் அடியிலுள்ள சுவிட்ச், கைப்பிடி உயர்ந்திருப்பதை மட்டுமே அறியும். சக்கரம் பிடிக்கப்பட்டிருக்கின்றதா என்பது அதற்குத் தெரியாது. கேபிள் அறுந்திருக்கலாம், நீண்டு தளர்ந்திருக்கலாம், ஷூக்களின் லைனிங் தேய்ந்திருக்கலாம். அப்போதும் கைப்பிடியை உயர்த்தினால் விளக்கு எரியும். ஒரு பல் மட்டும் இழுத்தாலும் எரியும். முழு வலிமையுடன் இழுத்தாலும் எரியும். இரண்டிற்கும் அதனிடம் வேறுபாடு இல்லை. ஆகவே, விளக்கு எரிவதைக் கண்டு கார் நிற்கும் என முடிவு கட்டுவது, பதிவேட்டில் பெயர் இருப்பதைக் கண்டு மாணவன் வகுப்பில் இருக்கின்றான் என்று கொள்வதைப் போன்றது.

கார் கைப்பிரேக்கினால்தான் நிற்கின்றது என்பதை அறிய ஒரே வழி, ஏனைய பிடிமானங்களை விலக்கிப் பார்ப்பதே. இவ்வுண்மையின் அருமையைக் கனடா நாட்டில் நிகழ்ந்த ஒரு பெருந்துயர் உலகிற்கு உணர்த்திற்று. அது ரயிலைப் பற்றியது. எனினும் கைப்பிரேக்கின் நெறி இரண்டிற்கும் ஒன்றே.

2013-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள் இரவு, கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டாங்கர் பெட்டிகளுடன் ஒரு சரக்கு ரயில், கியூபெக் மாநிலத்தில் நான்ட் என்னும் ஊரருகே சரிவான பாதையில் நிறுத்தப்பட்டது. சரிவு ஏறத்தாழ 1.2 விழுக்காடு, கண்ணுக்குச் சரிவென்றே தோன்றாத அளவு. ரயிலின் ஓட்டுநர் 7 கைப்பிரேக்குகளை இட்டார். அவை போதுமா என்று சோதித்தும் பார்த்தார். ஆனால், சோதிக்கும்போது எஞ்சினின் காற்றுப் பிரேக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. ரயிலைப் பிடித்து நிறுத்தியது எது என்பதை அச்சோதனை காட்டவில்லை. பின்னர் எஞ்சினில் தீப்பிடிக்கவே, தீயணைப்போர் வந்து தீயை அணைத்தனர், எஞ்சின் நிறுத்தப்பட்டது. எஞ்சின் நின்றதால் காற்றழுத்தம் சிறிது சிறிதாகக் குறைந்தது. நள்ளிரவுக்குப் பின் காற்றுப் பிரேக் தளர்ந்தது. எஞ்சிய கைப்பிரேக்குகளால் அப்பெருஞ்சுமையைத் தாங்க இயலவில்லை. ஆளில்லாத ரயில் 11 கிலோமீட்டருக்கு மேல் உருண்டோடி, லாக் மெகான்டிக் என்னும் சிற்றூரின் நடுவே தடம் புரண்டு தீப்பற்றியது. 47 பேர் மாண்டனர்.

பிரேக் இடாமல் விட்டதால் நேர்ந்தது அன்று இது. சோதனையும் செய்யாமல் விடப்படவில்லை. வேறொரு பிடிமானம் உடனிருக்கச் செய்த சோதனை பொய்ச்சான்று தந்தது. காலைப் பெடலிலிருந்து எடுக்காமலும், கியரிலிருந்து விலக்காமலும் ‘கைப்பிரேக் பிடிக்கின்றது’ என்று நாம் சொல்வதும் இதே வகையான சான்றுதான்.

நிறுத்தும் முறை

ஆகவே, காரை நிறுத்தும்போது பின்வரும் வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கால்பிரேக்கினால் காரை முற்றிலும் நிறுத்துக. கியரை நியூட்ரலுக்குக் கொணர்க. கால் பெடல்மீது இருக்கும்போதே கைப்பிரேக்கை உறுதியாக இழுக்க. பின்னர்க் காலை மெல்ல எடுத்து ஒரு நொடி காத்திருக்க. கார் அசையாது நின்றால் கைப்பிரேக் தன் பணியைச் செய்கின்றது என்பது உறுதி. அசைந்தால் மீண்டும் மிதித்து, இன்னும் இரண்டொரு பல் இழுக்க. அதன் பின்னரே எஞ்சினை நிறுத்திக் கியரில் இடுக. அந்த ஒரு நொடிக் காத்திருப்பே விளக்கு தராத சான்றை நமக்குத் தருவது.

எத்தனை பல் ஏறும்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். முன்பு ஆறாம் பல்லில் பிடித்தது இப்போது பத்தாம் பல்லில்தான் பிடிக்கின்றது என்றால் கேபிளோ லைனிங்கோ இடம் கொடுத்துவிட்டது என்பது பொருள். அதனைச் சரிசெய்வது பட்டறையில் சிறு வேலை. ஓட்டுநரின் காதே இங்கு நல்ல கருவி. நாள்தோறும் எண்ணிப் பழகினால் மாற்றம் தானே புலப்படும்.

ஆட்டோமேட்டிக் கியர் கார் உடையோர், ‘பி’ என்னும் நிலையில் இட்டால் போதும் எனக் கைப்பிரேக்கை மறந்துவிடுகின்றனர். அந்நிலையில் காரைத் தாங்குவது கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியே. கைப்பிரேக்கை முதலில் இட்டு, காலை எடுத்து, காரின் சுமை அதன்மேல் அமர்ந்த பின்னர் ‘பி’ நிலைக்கு மாற்றினால் கொக்கிக்குச் சுமை இல்லை.

ஆண்டன் யெல்சின் என்னும் ஹாலிவுட் நடிகர், 2016-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள், சரிவான தம் வீட்டு வழியில் பின்னோக்கி உருண்ட தம் ஜீப்பிற்கும் மதில் தூணுக்கும் இடையே நசுங்கி 27-ஆம் வயதில் உயிரிழந்தார். கியர் ‘பி’ நிலையில்தான் உள்ளதா என ஓட்டுநர்க்குத் தெளிவாகத் தெரியாத அமைப்புடையவை என்று, அவ்வாண்டு ஏப்ரலிலேயே அதன் உற்பத்தியாளர் ஏறத்தாழ 11 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தார். அவருடைய ஜீப்பும் அவற்றுள் ஒன்று. உருளும் வண்டியின் முன்னோ பின்னோ நின்று கையால் தடுக்க முனைவதும் உயிரைப் பணயம் வைப்பதே. ஒரு டன் எடையைத் தாங்கும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை.

சரிவும் முட்டுக்கட்டையும்

சரிவில் நிறுத்தும்போது கைப்பிரேக்கிற்குத் துணை வேண்டும். கார் மேல்நோக்கி நின்றால் முதற்கியரிலும், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் இடுக. கைப்பிரேக் நழுவினாலும் எஞ்சினின் அழுத்தம் சக்கரத்தைத் தடுக்கும். முன்சக்கரங்களின் திசையும் முக்கியமானது. சாலையின் இடப்புறத்தில் கீழ்நோக்கி நிறுத்தினால் சக்கரங்களை இடப்புறம், அஃதாவது சாலையோரம் நோக்கித் திருப்புக. மேல்நோக்கி நிறுத்துமிடத்து ஓரக்கல் இருப்பின் வலப்புறம் திருப்புக. கார் பின்னே நழுவினால் டயர் அக்கல்லில் முட்டி நிற்கும். ஓரக்கல் இல்லையெனில் அப்போதும் இடப்புறமே திருப்புக. கார் நடுச்சாலைக்கு வாராமல் ஓரத்திற்கே செல்லும். மலைப்பாதையில் பள்ளத்தாக்கு ஓரத்தில் நிறுத்தாமல் மலைச்சுவரை ஒட்டிய பக்கத்தில் இடம் தேடுவது நலம்.

இன்னும் உறுதி வேண்டின் சக்கரத்திற்குக் கட்டை கொடுக்க வேண்டும். இதற்குத் தமிழில் முட்டுக்கட்டை என்னும் அழகிய சொல் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவோர் முட்டுக்கட்டை போடுபவர்களே. அத்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் அமைக்கப்பட்ட பின்னரும் முட்டுக்கட்டையின் பணி முடிந்துவிடவில்லை. இன்று அச்சொல் நற்செயலைத் தடுப்பவரைப் பழிக்கும் சொல்லாகவே பெரிதும் வழங்குகின்றது. சக்கரத்தின் கீழ் வைத்தவர் கையில் அதுவே உயிர்காக்கும் பொருள். ஆயின் ஒன்று: கட்டையோ கல்லோ வைத்தவர், புறப்படும்போது அதனைத் தம் கையாலேயே அகற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிகள் விட்டுச் செல்லும் கற்கள் இரவில் இருசக்கர வண்டியோட்டிகளுக்குக் கூற்றமாகின்றன.

தவிர்க்க வேண்டியவை

கைப்பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டினால் லைனிங் சூடேறிக் கருகும், டிரம் கொதிக்கும், அச்சூட்டினால் கால்பிரேக்கின் ஆற்றலும் குறையும். வண்டி இழுக்கச் சோம்பினாலும் கருகல் வாடை வந்தாலும் முதலில் கைப்பிடியை நோக்குக. ஓடும்போது கால்பிரேக் செயலிழந்தால், பெடலை மீண்டும் மீண்டும் மிதித்துப் பார்த்து, கியரைப் படிப்படியாகக் குறைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் விடுமுறையில் வாங்கி ஓட்டிவிட்டுச் செல்லும் கார்கள், அவர்தம் வீடுகளில் மாதக்கணக்கில் நிற்பதைக் காண்கின்றோம். மழையிலும் கடற்காற்றிலும் ஷூக்கள் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளக்கூடும். அவ்வாறு நெடுநாள் நிறுத்தும்போது சமதளத்தில் நிறுத்தி, கியரில் இட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, அதன் பின்னர்க் கைப்பிரேக்கைத் தளர்த்தி வைப்பது ஏற்றது. கட்டை கொடுக்காமல் தளர்த்துவது கூடாது.

புதிய கார்களில் கைப்பிடிக்கு மாற்றாகப் பொத்தான் ஒன்று வந்துள்ளது. 2001-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் அறிமுகமான இம்முறையில் மோட்டாரே பிரேக்கை இறுக்கும். இங்கும் விளக்கு நிலையாக எரிகின்றதா, மின்னுகின்றதா என்று நோக்க வேண்டும். மின்னினால் பெரும்பாலும் பிரேக் முழுமையாகப் பிடிக்கவில்லை என்பது பொருள். ஆட்டோ ஹோல்டு என்பது போக்குவரத்து விளக்கில் சிறிது நேரம் நிற்பதற்கான வசதி. அதனை நம்பி இறங்கிவிடுதல் ஆகாது.

எல்லாவற்றினும் மேலாக, சிறுவரைத் தனியே காரில் விட்டுச் செல்லாதிருக்க. கைப்பிடி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே அவர்தம் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளது. பொத்தானை அழுத்த அவர்கள் அறிவர், அதன் விளைவை அறியார்.

முடிவுரை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாத நிலையில் வண்டியை நிறுத்திச் செல்பவர், எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை இட்டோ வேறு தக்க ஏற்பாடு செய்தோ, அது தற்செயலாக நகராதபடி உறுதி செய்ய வேண்டும் என்கின்றது. உறுதி செய்யும் பொறுப்பை அச்சட்டம் ஓட்டுநரிடமே வைத்துள்ளது, விளக்கிடம் வைக்கவில்லை.

செவ்விளக்கு நமக்கு நல்ல துணை. எரிய வேண்டாத நேரத்தில் எரிந்தால் அதன் சொல்லைத் தட்டாமல் நின்று கேட்போம். எரிய வேண்டிய நேரத்தில் எரிந்தாலும், அதன் சொல்லோடு நின்றுவிடாமல், காலை எடுத்து ஒரு நொடி காத்திருந்து நாமே உறுதி செய்வோம். இப்பழக்கத்திற்குப் பொருட்செலவு இல்லை, நேரச்செலவும் இல்லை. உரிமம் பெறவிருக்கும் மாணவர்கள் இதனை முதல் நாளிலிருந்தே கைக்கொள்வாராக. ஓட்டிப் பழகிய பெரியோர்கள், இன்று மாலை வீடு திரும்பிக் காரை நிறுத்தும்போதே ஒருமுறை செய்து பார்ப்பாராக. வண்டி அசைந்தால், நாளைக் காலை முதல் வேலையாகப் பட்டறைக்கு எடுத்துச் செல்வாராக.